ஷார்டொனே: புளிப்பு துலங்க, ஓக் அளவாகப் பட்ட வகையைச் சுவைத்துப் பழகுவது எப்படி?

#1 கொடிப்பந்தல்

ஷார்டொனே என்ற வெள்ளை ஒயின் என்றால் வெண்ணெயும் வனிலாவும்தான் என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் நிறைய. அந்த இரண்டு வாசனையும் பழத்திலிருந்து வருவதில்லை. பினோ நுவார், குவே பிளாங்க் என்ற இரண்டு கொடிகள் கலந்து பிறந்தது ஷார்டொனே என்று 1999இல் மரபணுச் சோதனையில் உறுதியானது. பழத்துக்கெனத் தூக்கலான மணம் கிடையாது. குளிர்ந்த இடத்தில் விளைந்தால் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், பேரிக்காய். வெயில் கூடினால் பீச், அன்னாசி. இப்படி மென்மையான பழம் என்பதால் கிடங்கில் என்ன செய்தாலும் அது மேலே தெரிந்துவிடும்.

இந்த இழையில் பேச நினைப்பது நடுவில் இருக்கும் வகையைப் பற்றி. முழுக்க ஸ்டீல் தொட்டியில் வைத்ததும் அல்ல, புது ஓக் மரப் பீப்பாயில் ஊறியதும் அல்ல. புளிப்பு முன்னால் நிற்க வேண்டும், ஓக் பின்னால் தாங்க வேண்டும். என் கணிப்பில் இதன் இலக்கணம் இதுதான்: ஓக் மூக்குக்குத் தெரியக் கூடாது, வாய்க்குத் தெரிய வேண்டும். முகர்ந்தவுடன் "மரம்" என்று சொல்ல முடிந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

இதைப் பழக மிக நல்ல வழி கலந்து பார்ப்பது. ஓக்கே படாத ஷார்டொனே ஒரு புட்டி, ஓக் பலமாக ஏறியது ஒரு புட்டி. இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆண்டு விளைச்சலாக இருக்கட்டும். ஆல்கஹால் அளவில் அரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். ஐந்து கோப்பைகளில் 100 மில்லி வீதம் கலக்குங்கள். ஓக் ஏறியது முறையே 0, 10, 20, 35, 50 மில்லி. மீதி ஓக் இல்லாதது. மொத்தத்தில் முதல் புட்டியில் 385 மில்லியும் இரண்டாவதில் 115 மில்லியும்தான் செலவாகும். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு போதும். சமையலறைத் தராசு இருந்தால் ஒரு கிராமை ஒரு மில்லி என்றே வைத்துக்கொள்ளலாம். கலந்ததும் மூடி, 15 நிமிடம் விட்டுவிட்டு, 0இல் தொடங்கி மேலே போங்கள்.

பெரும்பாலும் நடப்பது இது: 10இல் மணம் மாறாது, ஆனால் நடு நாக்கில் ஒயின் கொஞ்சம் அகலமாகும். 20இல் கடைசிச் சுவை நீளும். 35 வரும்போது பழம் பின்வாங்கத் தொடங்கும். எந்தக் கோப்பையில் பழம் பின்வாங்குகிறதோ, அதற்கு முந்தையதுதான் நீங்கள் தேட வேண்டிய பாணி.

#2 வெண்சுண்ணம்

நல்ல பயிற்சி. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காவிட்டால் தவறான பாடம் படிந்துவிடும்.

ஓக் பலமான ஷார்டொனேக்கள் அநேகமாக மாலோலாக்டிக் என்ற அமில மாற்றம் முடிந்தவை. ஓக் இல்லாதவற்றில் சிலவற்றில் அதை வேண்டுமென்றே நிறுத்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட இரண்டைக் கலந்தால் நீங்கள் அளப்பது ஓக்கை அல்ல, வெண்ணெயை.

மாலோலாக்டிக் என்பது பச்சை ஆப்பிளின் கடுப்பான மாலிக் அமிலத்தை ஈனோகாக்கஸ் ஈனி என்ற பாக்டீரியா தயிரின் லாக்டிக் அமிலமாக மாற்றுவது. 1 கிராம் மாலிக் போனால் 0.67 கிராம் லாக்டிக் வரும், மிச்சம் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். அதனால்தான் புளிப்பு குறைகிறது. வெண்ணெய் வாசனை இந்த மாற்றத்திலிருந்து நேராக வருவதில்லை. அதே பாக்டீரியா சிட்ரிக் அமிலத்தைத் தின்னும்போது டயாசெட்டில் உண்டாகிறது, வெண்ணெய் அதுதான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தாலே ஷார்டொனேயில் மூக்குக்குத் தட்டுப்படும்.

மாலோலாக்டிக் முடிந்தபின் ஒயினை ஈஸ்ட் வண்டலோடு வாரக்கணக்கில் விட்டுவைத்தால் ஈஸ்ட்டே டயாசெட்டிலை வாசனையற்ற பொருளாக மாற்றிவிடும். உடனே வண்டலைப் பிரித்துக் கந்தகம் போட்டால் அந்தச் சுத்திகரிப்பு நின்றுபோய் வெண்ணெய் தங்கிவிடும். ஆகவே "மாலோலாக்டிக் செய்தது, எனவே வெண்ணெய்" என்ற கணக்கு செல்லாது. பிரான்சின் ஷாப்ளி பகுதியில் பெரும்பாலான ஒயின்கள் மாலோலாக்டிக் முழுதாக முடிந்தவை. அங்கே யாருக்கும் வெண்ணெய் நினைவுக்கு வருவதில்லை.

கலக்க எடுக்கும் இரண்டு புட்டியும் மாலோலாக்டிக் முடிந்தவையாக இருக்கட்டும். தயாரிப்பாளரின் தொழில்நுட்பக் குறிப்பில் இது எழுதியிருக்கும்.

#3 கொடிப்பந்தல்

சரியான திருத்தம். பயிற்சிக்குப் பொருத்தமான ஜோடி என்றால் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் விளையும் மாக்கோன்-வில்லாஜ் ஒன்று, புதுப் பீப்பாய் கூடுதலாகப் பட்ட கலிஃபோர்னியா ஒன்று. முதலாவது அநேகமாக ஸ்டீல் தொட்டி, மாலோலாக்டிக் முடிந்தது. இரண்டாவதை வாங்கும்போது மீதச் சர்க்கரையையும் பாருங்கள். லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். இனிப்பு புளிப்பை மூடிவிடும், அந்த மழுமழுப்பை ஓக் தந்தது என்று நினைத்துவிடுவோம்.

#4 பீப்பாய்ப்பட்டை

ஓக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். "20 சதவீதம் ஓக்" என்று எழுதியிருந்தால் அது எதைக் குறிக்கிறது என்பதிலேயே குழப்பம் அதிகம்.

பீப்பாய் பழசாகப் பழசாக அதில் வாசனை வற்றிக்கொண்டே வரும். முதல் முறை நிரப்பும்போதுதான் பெரும்பகுதி இறங்கும். நான்காம் முறை நிரப்பும் பீப்பாயிலிருந்து மணம் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் வராது. ஆனால் பட்டைகளின் இடுக்கு வழியாகவும் மரத்தின் வழியாகவும் கசியும் துளி ஆக்சிஜன் அப்போதும் வந்துகொண்டிருக்கும். ஒயினை உருட்டி மெருகேற்றுவது அந்த ஆக்சிஜன்தான். #1இல் "வாய்க்குத் தெரிய வேண்டும்" என்று சொன்னதன் காரணம் இங்கேதான் இருக்கிறது: பழைய பீப்பாய் மணம் தராமல் உடம்பைத் தரும்.

அதனால் மூன்று எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒயினில் எவ்வளவு பங்கு பீப்பாய்க்குப் போனது, அந்தப் பீப்பாய்களில் எத்தனை புதுசு, எத்தனை மாதம். 30 சதவீத ஒயின் பீப்பாய்க்குப் போய், அதில் மூன்றில் ஒன்று புதுசு என்றால் மொத்தத்தில் புது ஓக் பட்டது 10 சதவீதம். நாம் பேசும் பாணிக்குப் புது ஓக் 0 முதல் 20 சதவீதம், 6 முதல் 10 மாதம் என்பது ஒரு நல்ல எல்லை. பழமும் அமிலமும் பலமாக இருந்தால் 25 வரைகூடத் தாங்கும்.

அடுத்தது அளவு. பர்கண்டியின் வழக்கமான பீப்பாய் 228 லிட்டர். 500 லிட்டர் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டர் ஒயினையும் தொடும் மரப்பரப்பு அதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஆஸ்திரேலியாவில் ஷார்டொனே மெலிந்து கூர்மையானதற்கு இந்தப் பெரிய பீப்பாய்களும் ஒரு காரணம். மறுபக்கம், ஷாப்ளியில் பழைய வழக்கம் 132 லிட்டர் கொள்ளும் ஃபெயெட் என்ற சின்னப் பீப்பாய். சின்னது என்றாலும் பழசு என்பதால் மணம் ஏறாது.

மர இனம்: அமெரிக்க வெள்ளை ஓக்கில் ஓக் லாக்டோன் அதிகம், அது தேங்காய் வாசனை. ஐரோப்பிய இனங்களில் அது குறைவு. அலியே, வோஷ் போன்ற பிரெஞ்சுக் காடுகளின் மரம் நெருங்கிய இழை கொண்டது என்பதால் மெதுவாகக் கொடுக்கும். உட்புறத்தை எவ்வளவு வாட்டினார்கள் என்பதும் முக்கியம். லேசாக வாட்டினால் பச்சை மரமும் துவர்ப்பும், நடுத்தரமாக வாட்டினால் வனிலாவும் வறுத்த கொட்டையும், கருக வாட்டினால் குவாயகால் என்ற சேர்மம் கூடிப் புகை மணமும்.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. பீப்பாயிலேயே நொதித்த வெள்ளை ஒயினில் ஓக் வாசனை குறைவாகத்தான் இருக்கும். தொட்டியில் நொதித்து, தெளிந்தபின் பீப்பாய்க்கு மாற்றியதில்தான் கூடுதல். நொதிக்கும் ஈஸ்ட் வனிலினைப் பிடித்து அநேகமாக மணமே இல்லாத வனில்லில் ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. வண்டலும் தன் பங்குக்கு உறிஞ்சிக்கொள்கிறது. புட்டியில் "பாரல் ஃபெர்மென்டட்" என்று கண்டதும் திருப்பி வைத்துவிடாதீர்கள்.

#5 ஈரக்கல்

> நொதிக்கும் ஈஸ்ட் வனிலினைப் பிடித்து அநேகமாக மணமே இல்லாத வனில்லில் ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது

அருமை. அப்படியானால் ஓக் சில்லுகளைத் தொட்டியில் போடுகிறார்களே, அது எந்தக் கணக்கில் சேரும்? புட்டியில் அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

#6 பீப்பாய்ப்பட்டை

நொதிக்கும்போதே சில்லுகளைப் போட்டால் அதே ஈஸ்ட் வேலை அங்கும் நடக்கும், மணம் ஒயினோடு ஓரளவு பொருந்தும். முடிந்தபின் போட்டால் ஒட்டாமல் மேலே மிதக்கும் வனிலா. ஐரோப்பிய ஒன்றியம் சில்லுகளை அனுமதித்தது 2006இல். சில்லு மணத்தைத் தரும், பீப்பாயின் மெதுவான ஆக்சிஜனைத் தராது. அதனால் அடையாளம் வாயில்தான் கிடைக்கும்: மூக்கில் பலமான ஓக், நடு நாக்கில் ஒன்றுமில்லாத வெறுமை, கடைசியில் லேசான கசப்பு. பீப்பாய் பெயர் எங்கும் வராமல் "ஓக் தொட்டது", "ஓக்கோடு முதிர்ந்தது" என்ற மாதிரி வாசகம் மட்டும் இருந்தால் சந்தேகப்படலாம்.

வீட்டிலும் சோதிக்கலாம். ஓக் இல்லாத ஷார்டொனேயை 250 மில்லி வீதம் மூன்று சின்னப் புட்டிகளில் கழுத்து வரை நிரப்புங்கள். ஒன்றில் எதுவும் வேண்டாம். அடுத்ததில் நடுத்தரம் வாட்டிய பிரெஞ்சு ஓக் சில்லு 0.5 கிராம், மூன்றாவதில் 1.5 கிராம். ஒயின் தயாரிப்புக்கென்று விற்கும் சில்லு மட்டுமே. தச்சுப்பட்டறைத் தூள் கூடவே கூடாது, அதில் எந்த மரம், எந்த மருந்து என்று தெரியாது. குளிர்பெட்டியில் மூன்று நாள் வைத்து, வடிகட்டிச் சுவைக்கவும். மேலே காலி இடம் இருந்தால் மூன்று நாளில் ஒயின் ஆக்சிஜன் பட்டுச் சோர்ந்துவிடும், பிறகு ஓக்கையா சோர்வையா எதைச் சுவைக்கிறோம் என்றே தெரியாது.

#7 நுனிநாக்கு

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் வாய்க்கு ஒரு பயிற்சி தேவை. புளிப்பையும் துவர்ப்பையும் தனித்தனியாகப் பிரிக்கத் தெரியாமல் "கூர்மை" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். தமிழில் துவர்ப்பு ஆறு சுவைகளில் ஒன்றாகவே நிற்கிறது. வேறு பல மொழிகளில் ஒயின் படிக்கிறவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. பயன்படுத்திக்கொள்வோம்.

மூன்று கோப்பை, ஒவ்வொன்றிலும் 250 மில்லி தண்ணீர். முதலாவதில் எலுமிச்சைச் சாறு 10 மில்லி. இரண்டாவதில் பால் சேர்க்காமல் ஐந்து நிமிடம் கொதித்த கடுந்தேயிலைச் சாறு 50 மில்லி, ஆறவைத்து. மூன்றாவதில் இரண்டும். ஒவ்வொரு வாயையும் துப்பிவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள்.

புளிப்பு: நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறும், துப்பியபின்னும் ஊறிக்கொண்டே இருக்கும். துவர்ப்பு: எச்சில் வற்றும், மேலுதட்டின் உட்புறம் ஈறோடு ஒட்டும். மூன்றாவது கோப்பையில் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். புளிப்பு கூடும்போது துவர்ப்பு இன்னும் கரகரப்பாகத் தெரியும். புளிப்பு தூக்கலான ஒயினில் கொஞ்சம் புது ஓக் பட்டாலே ஏன் முரடாகிறது என்பதற்கு விடை இந்தக் கோப்பைதான்.

நல்ல ஒயினில் இப்படி இருக்கும்: துப்பிப் பத்து விநாடி கழித்தும் எச்சில் ஊற வேண்டும், ஈறு ஒட்டக் கூடாது. ஈறு ஒட்டினால் ஓக் துவர்ப்பு மிஞ்சியிருக்கிறது, அல்லது பழத்தைப் பலமாகப் பிழிந்திருக்கிறார்கள்.

வண்டலின் மழமழப்பு இவை இரண்டிலும் சேராது. அது நடு நாக்கில் மெல்லிய பாலாடை மாதிரிப் படியும். சுவை என்பதைவிடத் தொடுவுணர்வு. வண்டலைக் கிளறிவிடும் பழக்கத்தை பத்தோனாஜ் என்பார்கள். வாரம் ஒருமுறை கிளறினால் உடம்பு கூடும், அளவுக்கு மீறினால் பழத்தின் கூர்மை மழுங்கும். அண்மைக் காலமாகப் பலரும் கிளறலைக் குறைத்துவிட்டார்கள், அது நல்லதற்கே.

#8 ஈரக்கல்

#1இல் வரிசையாக 0, 10, 20 என்று போகச் சொல்லியிருக்கிறது. வரிசை தெரிந்திருந்தால் மனம் முந்திக்கொண்டு "கூடுகிறது, கூடுகிறது" என்று சொல்லாதா?

#9 நுனிநாக்கு

சொல்லும், சந்தேகமே வேண்டாம். அதனால் முதல் நாள் வரிசையாகப் பழகிவிட்டு, இரண்டாம் நாள் முக்கோணச் சோதனைக்குப் போங்கள். மூன்று கோப்பை, இரண்டில் 0, ஒன்றில் 10, அல்லது இரண்டில் 10, ஒன்றில் 0. இன்னொருவர் ஊற்றி, கோப்பையின் அடியில் குறியிட்டு, இடம் மாற்றி வைக்கட்டும். எது வேறு என்று மட்டும் சொல்லுங்கள், எது நல்லது என்று அல்ல. கோப்பைக்கு 15 மில்லி போதும்.

இப்படி ஆறு முறை. நான்கு சரியாக வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் பத்தில் ஒரு தடவை அப்படி வரும். ஐந்து சரியென்றால் தற்செயலாக வர ஐம்பதில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு, நம்பலாம். ஆறையும் ஒரே அமர்வில் செய்யாதீர்கள். மூன்றாவதிலேயே நாக்கு களைத்துவிடும். எல்லாவற்றையும் துப்புங்கள், இடையில் வெறும் தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு.

#10 வெண்சுண்ணம்

புட்டியைப் படிப்பது பற்றி, சுருக்கமாக.

தொழில்நுட்பக் குறிப்பில் அமில அளவைப் பார்க்கும்போது எந்த அமிலக் கணக்கில் சொல்கிறார்கள் என்று கவனிக்கவும். பிரான்சில் கந்தக அமிலக் கணக்கில் எழுதும் வழக்கம் உண்டு, பிற நாடுகளில் டார்டாரிக் கணக்கு. முன்னதை 1.53ஆல் பெருக்கினால் பின்னது. பிரெஞ்சுக் குறிப்பில் 4.2 என்று கண்டு "புளிப்பே இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது, அது 6.4. நாம் தேடும் வகைக்கு டார்டாரிக் கணக்கில் லிட்டருக்கு 6 முதல் 7.5 கிராம், பி.எச். 3.1 முதல் 3.3, ஆல்கஹால் 12 முதல் 13 சதவீதம். ஆல்கஹால் 14ஐத் தாண்டினால் பழம் நன்றாகப் பழுத்திருக்கிறது, அமிலம் சரிந்திருக்கும் அல்லது வெளியிலிருந்து சேர்த்திருப்பார்கள்.

எங்கே தேடலாம்: முதலில் ஷாப்ளி. பெத்தி ஷாப்ளியும் ஊர்ப்பெயர் மட்டும் உள்ள ஷாப்ளியும் பெரும்பாலும் ஸ்டீல் தொட்டி. பிரீமியர் க்ரூ, கிராண்ட் க்ரூ என்ற உயர்தர நிலங்களுக்கு வரும்போது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். லூயி மிஷெல் முழுக்க ஸ்டீல் தொட்டி. ரவெனோ, தோவிஸா பீப்பாய் வழி. கூர்மை எப்படி இரண்டு வழியிலும் தங்குகிறது என்று பார்க்க இவர்களை அருகருகே வைப்பதுபோல் வேறு பாடம் இல்லை.

பிறகு பர்கண்டியின் தெற்கு முனை: சென்-வெரான், வீரே-க்ளெஸே, பூயி-ஃபுயிஸே. கடைசியாகச் சொன்னதில் 2020 விளைச்சலிலிருந்து 22 நிலத்துண்டுகளுக்கு பிரீமியர் க்ரூ தகுதி. இங்கே பழம் ஷாப்ளியைவிடத் திரட்சி, ஓக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும்.

ஐரோப்பாவுக்கு வெளியே: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா, யாரா பள்ளத்தாக்கு, அடிலெய்ட் ஹில்ஸ், சிலியின் லிமாரி, அங்கே சுண்ணாம்பு கலந்த மண்ணும் கடல் மூடுபனியும், தென்னாப்பிரிக்காவின் எல்கின். மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பரவலாக உள்ள ஜின் ஜின் என்ற நகல்கொடியில் ஒரே குலையில் பெரிதும் சிறிதுமாகப் பழம் காய்க்கும். சின்னப் பழங்களில் அமிலமும் செறிவும் கூடுதல் என்பதால், வெயில் இருந்தும் ஒயின் நிமிர்ந்து நிற்கிறது.

#11 கிளைத்தண்டு

ஷாப்ளி என்றதும் "சிப்பி ஓடு மண், அதனால் சிப்பி வாசனை" என்ற பேச்சு வருமே. அங்கே கிம்மரிட்ஜியன் மண்ணில் எக்ஸோஜைரா விர்குலா என்ற குட்டிச் சிப்பியின் புதைபடிவம் நிறைந்திருப்பது உண்மைதானே? அந்தக் கனிமச் சுவையைத் தேடித்தான் பலர் இந்தப் பாணிக்கே வருகிறார்கள்.

#12 வெண்சுண்ணம்

மண் உண்மை. சுமார் 15 கோடி ஆண்டு பழைய சுண்ணாம்புக் களிமண், கைநிறைய அள்ளினால் சிப்பி தெரியும். கல் வேர் வழியாக ஏறிக் கோப்பைக்கு வருகிறது என்பதுதான் பிசகு. கொடி உறிஞ்சுவது கரைந்த அயனிகளை, பாறையின் சுவையை அல்ல. சுண்ணாம்புக் கல்லுக்குத் தனியாக வாசனையும் கிடையாது. ஒயினில் வந்து சேரும் கனிமங்களின் அளவு நாக்குக்கு எட்டாத அளவு.

மண் வேலை செய்வது வேறு வழியில். மழை மிஞ்சினால் வடியவிடுகிறது, வறட்சியில் கொஞ்சங்கொஞ்சமாக ஈரம் தருகிறது. பழம் நிதானமாக முதிர்கிறது, அமிலம் தங்குகிறது. "ஈரக்கல்", "தீக்கல்" என்று நாம் பெயர் வைப்பது அநேகமாக உயர்ந்த அமிலமும் அடங்கிய பழமும், நொதிக்கும்போது உண்டான கந்தகச் சேர்மங்களும் கூடிய கலவைக்கு. தீக்குச்சி உரசிய மணத்துக்குக் காரணம் ஃபீனைல்மெத்தேன்தயால் என்ற சேர்மம். அதில் மண்ணுக்கு நேரடிப் பங்கு இல்லை.

#13 கிளைத்தண்டு

சொல்லை விட்டுவிட வேண்டுமா என்ன? கோப்பையில் இருப்பதைச் சுட்ட "ஈரக்கல்" போல் பொருத்தமான சொல் வேறு இல்லை.

#14 வெண்சுண்ணம்

சொல் இருக்கட்டும், மனதார வைத்துக்கொள்ளுங்கள். உவமை என்ற நினைவு இருந்தால் போதும்.

#15 குளிர்ந்தகோப்பை

வெப்பநிலை பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. இங்கேதான் பாதிப் பேர் நல்ல புட்டியை வீணாக்குகிறார்கள்.

குளிர்பெட்டி 4 அல்லது 5 டிகிரி. அந்தக் குளிரில் மணம் எழும்பாது, புளிப்பும் கசப்பும் மட்டும் துருத்தும். எலுமிச்சைத் தண்ணீர்போல இருக்கும். 15 டிகிரிக்கு மேல் போனால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், ஓக் கனக்கும். ஓக் இல்லாததற்கு 8 முதல் 10, அளவான ஓக்குக்கு 10 முதல் 12. பீப்பாய் பலமானதற்கு 13 வரை.

குளிர்பெட்டியில் இருந்த புட்டியை அறையின் சூட்டைப் பொறுத்து 20 முதல் 30 நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள். அறையில் இருந்த புட்டி என்றால் வாளியில் பாதி பனிக்கட்டி பாதி தண்ணீர், கழுத்து மூழ்க, 20 நிமிடம். வெறும் பனிக்கட்டி போட்டால் இடையில் காற்று நிற்கும், குளிர் சீராக ஏறாது. தண்ணீர் சேர்ப்பது அதற்காகத்தான். முதல் வாயை 9 டிகிரியில் தொடங்குங்கள். கோப்பையிலேயே 12 வரை தானாக வந்துவிடும். எந்த இடத்தில் பழமும் ஓக்கும் சமமாகின்றன என்று கவனித்தால், அடுத்த முறை அந்த ஒயினை அங்கேயே தொடங்கலாம்.

கோப்பை: நடுத்தர வயிறு, மேலே குறுகல், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். பர்கண்டிக்கென்று விற்கும் அகன்ற கோப்பை ஓக் கூடிய ஒயினுக்குச் சரி. மெலிந்த ஒயினை அது சிதறடித்துவிடும்.

#16 பீப்பாய்ப்பட்டை

இங்கே ஒரு சின்ன மாற்றுக்கருத்து. பயிற்சி நாளில் 10 டிகிரியிலேயே எல்லாவற்றையும் வைப்பது தவறு. பழுதான ஒயினைக் குளிர் மறைக்கும். கலப்பதற்கு முன் இரண்டு புட்டியிலும் கொஞ்சம் ஊற்றி, 16 டிகிரி வரை விட்டு முகர்ந்துவிடுங்கள். குறை எதுவானாலும் அங்கே வெளிப்படும்.

#17 நுனிநாக்கு

> குறை எதுவானாலும் அங்கே வெளிப்படும்

எதை எதென்று தவறாக எடுத்துக்கொள்கிறோம் என்பதும் முக்கியம்.

தீக்குச்சி மணம் லேசாக இருந்தால் அது குறை அல்ல, சிலர் விரும்பியே வைக்கிறார்கள். கோப்பையைச் சுழற்றினால் பின்வாங்கும். அழுகிய முட்டை வாசனை என்றால் வாய் அகன்ற குடுவையில் ஊற்றி 20 நிமிடம் விடுங்கள், பெரும்பாலும் போய்விடும். ரப்பர், பூண்டு, வெங்காயம் என்று தோன்றினால் அது போகாது, விட்டுவிடலாம்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனைக்குக் காரணம் டி.சி.ஏ. என்ற சேர்மம், கார்க்கிலிருந்து வருவது. லிட்டருக்குச் சில நானோகிராம் போதும். மோசமானது என்னவென்றால், இன்னும் குறைவாக இருந்தால் அட்டை வாசனையே வராது, பழம் மட்டும் மங்கிப்போகும். "இந்த ஒயினில் ஒன்றுமில்லை" என்று எழுதிவிடுவோம். ஓக் இல்லாத ஷார்டொனே வெறுமையாகத் தெரிந்தால், அதே ஒயினில் இன்னொரு புட்டியைத் திறந்து பார்க்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நிறம் வயதுக்கு மீறிப் பொன்னாகி, அடிபட்ட ஆப்பிளும் தேனும் கொட்டையும் வந்தால் ஆக்சிஜன் முந்திவிட்டது. வெள்ளை பர்கண்டியில் 1990களின் நடுப்பகுதி விளைச்சல்களிலிருந்து இது பெரிய தலைவலியானது. கார்க், குறைந்த கந்தகம், பழம் பிழியும் முறை என்று பல காரணம் சொல்வார்கள். இதை ஓக்கின் கொட்டை மணம் என்று எண்ணிவிடுவது மிகச் சாதாரணம். வேறுபாடு புளிப்பில் இருக்கிறது: ஓக் கொட்டையாக இருந்தால் பின்னால் எலுமிச்சை உயிரோடு இருக்கும், ஆக்சிஜன் கொட்டையாக இருந்தால் பழம் அடங்கிப்போய் புளிப்பு தனியாக நிற்கும்.

அடியில் கண்ணாடித் தூள்போல் மின்னுவது பொட்டாசியம் பைடார்ட்ரேட். குளிரில் பிரிந்த உப்பு, தீங்கே இல்லை.

#18 ஈரக்கல்

உணவோடு சேர்க்கும்போது கணக்கு மாறுமா?

#19 குளிர்ந்தகோப்பை

மாறும். உப்பு ஒயினின் புளிப்பைத் தணித்துப் பழத்தை மேலே கொண்டுவரும். சிப்பி, ஆட்டுப்பால் சீஸ், வாட்டிய மீன் எல்லாம் இந்த வகையோடு பொருந்துவது அதனால்தான். உணவில் புளிப்பு ஒயினைவிடக் கூடினால் ஒயின் சப்பென்றாகும். இனிப்பு பட்டால் ஒயின் கடுக்கும். காரம் ஆல்கஹாலின் சூட்டையும் ஓக்கின் துவர்ப்பையும் தூக்கிவிடும்; அந்த நேரத்துக்கு ஓக்கே படாதது, 12.5 சதவீதத்துக்குள். வெண்ணெய்ச் சாறு ஊற்றிய மீனுக்கு நேர்மாறு: அங்கே கொஞ்சம் ஓக் இல்லாவிட்டால் ஒயின் மெலிந்துபோகும்.

#20 கொடிப்பந்தல்

மிச்சமான புட்டியைப் பற்றி ஒன்று. #1இன் கணக்கில் ஓக் இல்லாததில் பாதியும், ஓக் ஏறியதில் 600 மில்லிக்கு மேலும் மீதி இருக்கும். 375 மில்லி காலிப் புட்டியில் கழுத்து வரை நிரப்பித் திருகு மூடி போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் கெடாது.

ஆனால் வாங்க நினைக்கும் ஒரு புட்டியைத் தீர்மானிக்க வேண்டுமென்றால் அப்படிச் செய்யாதீர்கள். பாதி குடித்த புட்டியை அப்படியே மூடி ஒரு நாள் விடுங்கள், மறுநாள் 11 டிகிரியில் ஊற்றுங்கள். எலுமிச்சையும் ஆப்பிளும் அடங்கி வனிலாவும் வறுவலும் மட்டும் நின்றால், முதல் நாள் அந்த ஒயினைத் தூக்கிப் பிடித்தது ஓக்தான். பழம் இன்னும் திறந்து, ஓக் எங்கே என்று தேட வேண்டியிருந்தால் இன்னும் ஆறு புட்டி வாங்கிப் படுக்கவையுங்கள்.

#21 ஈரக்கல்

திருகு மூடிப் புட்டியானாலும் படுக்கத்தான் வைக்க வேண்டுமா?

#22 கொடிப்பந்தல்

வேண்டாம். கார்க் காயாமல் இருக்கத்தான் படுக்கை. திருகு மூடியை நிறுத்தியே வைக்கலாம்; வெளிச்சம் படாமல், 12 முதல் 14 டிகிரியில், சூடு ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.